தூளாக வரும் ஆன்டிபயாடிக் சிரப்: மருந்துக்கு முழு மதிப்பெண், அளவு மூடிக்குப் பாதிதான்

அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த, தூளாக விற்கப்பட்டு வீட்டில் தண்ணீர் ஊற்றிக் கலக்கிக் கொடுக்கப்படும் ஆன்டிபயாடிக் சிரப்பைப் பற்றியது இந்த மதிப்புரை. மாத்திரை விழுங்கத் தெரியாத குழந்தைக்கும், விழுங்குவதில் சிரமம் உள்ள முதியவருக்கும் மருத்துவர் எழுதிக் கொடுத்ததன் பேரில் வெவ்வேறு நிறுவனங்களின் தயாரிப்புகளை எங்கள் வீட்டில் பயன்படுத்தியிருக்கிறோம். பெயர் சொல்லி ஒன்றைப் புகழவோ இன்னொன்றைக் குறைகூறவோ இங்கே அவசியமில்லை. அட்டைப்பெட்டிக்குள் இருப்பவை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அடியில் தூள் தங்கிய பாட்டில், அதன் தலையில் கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் அளவு மூடி, பல மடிப்பாக மடித்த ஒரு தாள். சில பெட்டிகளில் கலப்பதற்கான தண்ணீரும் சிறு குப்பியில் கூடவே வரும்.

மருந்தின் தரத்தைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல ஏதுமில்லை. அமாக்சிசிலின் 1972 முதலும், கிளாவுலனிக் அமிலத்தோடு சேர்ந்த இந்தக் கலவை 1981 முதலும் புழக்கத்தில் இருக்கின்றன. பாக்டீரியாக்கள் சில சுரக்கும் நொதி அமாக்சிசிலினைச் சிதைத்துவிடாமல் தடுப்பதே இரண்டாவது பொருளின் வேலை. உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாடிக்குகளை வகைப்படுத்தியபோது, பரவலாகக் கிடைக்க வேண்டிய முதல் வரிசை மருந்துகளில் இதையும் வைத்திருக்கிறது. வைரஸால் வரும் சளிக்கும் காய்ச்சலுக்கும் இது உதவாது என்பதால், தேவையா இல்லையா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் எழுதிக் கொடுத்த அளவு, பாட்டிலிலிருந்து நோயாளியின் வாய்க்குள் கூடாமலும் குறையாமலும் போய்ச் சேர இந்தத் தயாரிப்பு எந்த அளவுக்கு உதவுகிறது என்பதைத்தான் நாம் மதிப்பிட முடியும், அந்த இடத்தில்தான் எனக்குக் குறைகளும் உண்டு.

கலக்கும் வேலையை நம்மிடம் விட்டுவிடுகிறார்களே என்று சலித்துக்கொள்பவர்களுக்கு ஒரு விளக்கம். இந்த வகை மருந்துகளின் மூலக்கூறு தண்ணீரில் மெல்லச் சிதையக்கூடியது. அதிலும் கிளாவுலனிக் அமிலத்துக்கு ஈரம் பெரும் பகை. முன்கூட்டியே கரைத்து விற்றால் கடைக்கு வந்து சேர்வதற்குள் வீரியம் போய்விடும் என்பதால்தான் தூளாகவே அடைத்துத் தருகிறார்கள். பெட்டியின்மேல் அச்சிட்ட காலாவதித் தேதி அந்தத் தூளுக்கு மட்டுமே உரியது. தண்ணீர் பட்ட நொடியிலிருந்து வேறொரு கணக்கு தொடங்குகிறது. குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் வைத்தால்கூட, தயாரிப்பைப் பொறுத்து 7 அல்லது 10 நாட்கள்தான் அதன் ஆயுள். அடுத்த ஆண்டின் தேதி அட்டையில் தெளிவாகத் தெரிகிறதே என்று சென்ற மாதம் கலக்கிய பாட்டிலை எடுத்துக் கொடுப்பது, மருந்தே கொடுக்காததைவிட மோசம். கலக்கிய தேதியை எழுத லேபிளில் ஓர் இடம் விட்டிருக்கும் தயாரிப்புகளுக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருவேன். இல்லாதவற்றில் ஒரு துண்டுப் பிளாஸ்திரியை ஒட்டி, கலக்கிய தேதியையும் கொட்டிவிட வேண்டிய தேதியையும் பேனாவால் எழுதிவிடலாம்.

கடையிலேயே மருந்தாளுநரைக் கலக்கித் தரச் சொல்வது நல்ல வழி. வீட்டில் கலக்குவதென்றால், முதலில் மூடியைத் திறக்காமலே பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து அடியில் நாலு தட்டுத் தட்ட வேண்டும். இறுகிப்போய் அடியில் ஒட்டியிருக்கும் தூள் அப்போதுதான் உதிர்ந்து இளகும். பிறகு கொதிக்கவைத்து நன்றாக ஆறிய தண்ணீரை, சொல்லப்பட்ட அளவில் மூன்றில் இரண்டு பங்குபோல ஊற்றி, மூடி, உடனே பலமாகக் குலுக்க வேண்டும். ஒரேயடியாக முழுத் தண்ணீரையும் ஊற்றிவிட்டால் அடியில் பசைபோல ஒரு கட்டி நின்றுவிடும், அதைக் கரைப்பது பெரும்பாடு. முதல் குலுக்கலில் மேலே நிறைய நுரை எழும்புவதால் நீர்மட்டம் பாட்டிலில் உள்ள அளவுக் கோட்டைத் தொட்டுவிட்டதுபோலவே தோன்றும். சில நிமிடம் அப்படியே விட்டு, நுரை அடங்கியதும் பாட்டிலைச் சமமான மேசையில் வைத்து, குனிந்து கண்ணைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து பார்த்தால், உண்மையான மட்டம் அதற்குக் கீழே இருப்பது தெரியும். அந்தக் குறையை நிரப்பி மறுபடி குலுக்கினால்தான் லேபிளில் எழுதியுள்ள செறிவு கிடைக்கும். கோட்டுக்குக் கீழே நிறுத்திவிட்டால் ஒவ்வொரு வேளையும் மருந்து கூடுதலாகப் போகும், தாண்டி ஊற்றினால் குறைவாகப் போகும். இவ்வளவு முக்கியமான அந்தக் கோட்டைப் பல தயாரிப்புகளில் பழுப்பு நிறப் பாட்டிலின் பக்கத்தில் ஒரு மெல்லிய கீறலாக மட்டும் வைத்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. லேபிளில் அச்சிட்ட அம்புக்குறி இருக்கும் தயாரிப்புகள் அந்த வகையில் எவ்வளவோ மேல். கோட்டை நம்பாமல் இத்தனை மில்லி தண்ணீர் சேர்க்கவும் என்று எழுதியிருக்கும் தயாரிப்புகளில் சிரிஞ்சால் அளந்து ஊற்றுவதே சரி. வெந்நீர் எதற்கும் கூடாது.

அடுத்து, பெட்டியின் முகப்பில் இருக்கும் எண். 5 மில்லியில் 228.5 மில்லிகிராம் என்று ஒன்று, 457 மில்லிகிராம் என்று இன்னொன்று, வேறு சில எண்களோடும் இதே மருந்து வருகிறது. 228.5 என்பது 200 மில்லிகிராம் அமாக்சிசிலினும் 28.5 மில்லிகிராம் கிளாவுலனிக் அமிலமும். 457 என்பது அவற்றின் சரியான இரட்டிப்பு. பெட்டிகள் ஒரே நிறத்தில், ஒரே பெயரில், ஓர் எண் மட்டும் மாறி இருக்கும்போது, “5 மில்லி, காலை, இரவு” என்ற குறிப்பு எந்தப் பெட்டிக்காக எழுதப்பட்டது என்பதை மருந்துச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால் அளவு அப்படியே பாதியாகவோ இரு மடங்காகவோ மாறிவிடும். இந்தக் கடையில் அது இல்லை, வேறு அளவு இருக்கிறது, கூடக்குறையக் கொடுத்துக்கொள்ளுங்கள் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிடக் கூடாது. ஏனென்றால் இரண்டு பொருள்களும் கலந்திருக்கும் விகிதமே தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். எடுத்துக்காட்டாக, 457இல் 5 மில்லி கொடுத்தால் 400 மில்லிகிராம் அமாக்சிசிலினோடு 57 மில்லிகிராம் கிளாவுலனிக் அமிலம் போகிறது; 5 மில்லியில் 250 மில்லிகிராமும் 62.5 மில்லிகிராமும் உள்ள இன்னொரு வகையில் அதே 400 மில்லிகிராமுக்காக 8 மில்லி கொடுத்தால், கிளாவுலனிக் அமிலம் 100 மில்லிகிராமாகிவிடும். இந்தச் சேர்க்கையில் வயிற்றுப்போக்கைக் கூட்டுவது பெரும்பாலும் அந்த இரண்டாவது பொருள்தான். மாற்ற வேண்டுமென்றால் எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கேட்டே மாற்ற வேண்டும்.

இப்போது தலைப்பில் பாதி மதிப்பெண் வாங்கிய அளவு மூடிக்கு வருகிறேன். வாய் அகன்ற பாத்திரத்தில் சிறிய அளவை அளப்பது எப்போதும் தவறுக்கு இடம் கொடுக்கும். மட்டம் ஒரு நூலிழை ஏறினாலே அளவு கணிசமாக மாறிவிடும். இந்த மூடியில் 2.5, 5 போன்ற கோடுகள் உண்டு, 3.5 மில்லி என்று மருத்துவர் எழுதியிருந்தால் அதற்குக் கோடு கிடையாது. கோடுகளும் பிளாஸ்டிக்கின் நிறத்திலேயே புடைத்திருப்பதால், பால்போன்ற மருந்து உள்ளே போனதும் அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. போதாததற்கு, மருந்து சற்றே கெட்டியானது; கொடுத்து முடித்தபின் மூடியின் அடியிலும் பக்கங்களிலும் ஒரு படலம் ஒட்டி நிற்கும், அதுவும் அந்த வேளைக்குச் சேர வேண்டிய மருந்துதான். இது என் தனிப்பட்ட எரிச்சல் மட்டுமில்லை. அமெரிக்காவில் குழந்தைகளின் பெற்றோரைக் கொண்டு நடத்தி 2016இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வெளியான ஆய்வில், பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஒருமுறையாவது தவறாக அளந்தார்கள். சிரிஞ்சால் அளந்ததைவிட அளவுக் கோப்பையால் அளந்தபோது தவறுகள் பல மடங்கு கூடுதலாக இருந்தன, சிறிய அளவுகளில் இன்னும் மோசம். சமையலறைக் கரண்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்; ஒரு வீட்டிலேயே இரண்டு கரண்டிகள் ஒரே அளவு கொள்வதில்லை.

ஆகவே இந்த மருந்தை வாங்கும்போதே வாய்வழி மருந்துக்கான சிரிஞ்ச் ஒன்றையும் கேட்டு வாங்கிவிடுங்கள் என்பதே என் முதல் பரிந்துரை. 0.1 அல்லது 0.2 மில்லிக்கு ஒரு கோடு இருப்பதாகவும், கொடுக்க வேண்டிய அளவு முழுவதும் ஒரே இழுப்பில் அடங்குவதாகவும் பார்த்துக்கொள்ள வேண்டும், 3.5 மில்லிக்கு 5 மில்லி சிரிஞ்ச் பொருந்தும், 7.5 மில்லிக்கு 10 மில்லி சிரிஞ்ச் வேண்டும். பாட்டிலின் வாயில் செருகும் சிறிய அடாப்டர் கூடவே கிடைத்தால் வேலை மிகவும் சுலபம். சிரிஞ்சை அதில் பொருத்தி, பாட்டிலைத் தலைகீழாகத் திருப்பி, தண்டை மெதுவாக இழுத்தால் ஒரு சொட்டும் சிந்தாது. உள்ளே காற்றுக்குமிழ் நின்றால் அது மருந்தின் இடத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது என்பதால், மருந்தைத் திரும்பப் பாட்டிலுக்குள் தள்ளிவிட்டு மறுபடி இழுக்க வேண்டும். தண்டின் கறுப்பு ரப்பரில் நுனிப்பக்கத்து விளிம்பு எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுவே அளவு. கைப்பிடிப் பக்கத்து விளிம்பைப் பார்த்துப் படித்தால் கணக்குத் தவறிவிடும். ஊசி போடும் சிரிஞ்சை ஊசியைக் கழற்றிவிட்டுப் பயன்படுத்துவது வேண்டாம். அதன் நுனியில் இருக்கும் குட்டி மூடி கழன்று குழந்தையின் தொண்டைக்குள் போய் அடைத்த விபத்துகள் நடந்திருக்கின்றன. வாய்வழி சிரிஞ்சிலும் நுனிமூடி இருந்தால் முதலில் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை.

ஒவ்வொரு வேளையும் அளப்பதற்கு முன் பாட்டிலைக் குலுக்க வேண்டும் என்பதை எல்லாப் பெட்டிகளிலும் எழுதியிருக்கிறார்கள், பலரும் அதை ஒரு சம்பிரதாயமாக எடுத்துக்கொள்கிறார்கள். இது முழுமையாகக் கரைந்த கரைசல் அல்ல. மருந்துத் துகள்கள் நீரில் மிதந்து, சும்மா வைத்தால் அடியில் வண்டலாகப் படியும். குலுக்காமல் எடுத்தால் முதல் சில நாட்களுக்கு மேலே தெளிந்த, வீரியம் குறைந்த பகுதியும், கடைசி நாட்களில் அடியில் தங்கிய கெட்டியான பகுதியும் போகும். மொத்தக் கணக்கு சரியாக வருவதால் யாருக்கும் தெரியாமலே நடந்துவிடும் தவறு இது. அதற்காக எல்லா ஆன்டிபயாடிக் சிரப்பையும் இப்படித்தான் கையாள வேண்டும் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. லினசோலிட் சிரப்பைக் குலுக்காமல், மூன்று முதல் ஐந்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும் என்பதே அதன் குறிப்பு. கிளாரித்ரோமைசினைக் கலக்கியபின் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவே கூடாது. அசித்ரோமைசினும் செஃபிக்சிமும் பெரும்பாலான தயாரிப்புகளில் அறை வெப்பநிலையிலேயே தாக்குப்பிடிக்கும், முன்னது 10 நாள், பின்னது 14 நாள். போன முறை வாங்கிய சிரப்பின் பழக்கத்தை இந்த முறை வாங்கியதற்கு நீட்டாமல், ஒவ்வொரு முறையும் லேபிளைப் படித்தாக வேண்டியதன் காரணம் இதுதான். நம் சிரப்பைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வைக்காமல் உள்தட்டில் வைப்பது நல்லது; உறையவிடக் கூடாது. வெண்மையான மருந்து கருமஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் மருந்தாளுநரிடம் காட்டாமல் கொடுக்க வேண்டாம்.

சுவையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: பழவாசனையும் இனிப்பும் முதலில் தெரிந்தாலும், பின்னால் ஒரு கசப்பு நாக்கில் தங்கும். குளிர்ந்த நிலையில் கொடுத்தால் அது சற்று அடங்குகிறது. குழந்தையை நிமிர்ந்து உட்காரவைத்து, சிரிஞ்சின் நுனியைக் கன்னத்தின் உட்பக்கத்துக்கும் ஈறுக்கும் இடையே வைத்து, விழுங்க விழுங்கச் சிறிது சிறிதாகச் செலுத்த வேண்டும். படுக்கவைத்துக்கொண்டோ, மூக்கைப் பிடித்துக்கொண்டோ, தொண்டையை நோக்கிப் பீச்சியோ கொடுத்தால் புரையேறும். விழுங்குவதில் சிரமம் உள்ள முதியவர்களுக்கும் இதே முறைதான், அவசரம் மட்டும் இன்னும் குறைய வேண்டும். நீர்த்த மருந்தே புரையேறக்கூடிய நிலையில் இருப்பவராக இருந்தால் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். பால்புட்டியில் கலந்து கொடுப்பதை நான் ஆதரிக்கவில்லை. குழந்தை கால்வாசிப் பாலை மீதம் வைத்தால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த மருந்தை உணவின் தொடக்கத்தில் கொடுப்பது நல்லது. வயிற்றுக் கோளாறு குறையும், கிளாவுலனிக் அமிலமும் நன்றாக உறிஞ்சப்படும். நாளுக்கு இரு வேளை என்றால் இடைவெளி ஏறக்குறைய 12 மணி நேரம் இருக்க வேண்டும். ஒரு வேளை தவறிவிட்டால் நினைவு வந்ததும் கொடுக்கலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் விட்டுவிடலாம். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. கொடுத்த 30 நிமிடத்துக்குள் வாந்தியெடுத்துவிட்டால் மீண்டும் கொடுக்க வேண்டியிருக்கலாம், அதற்கு மருத்துவரையோ மருந்தாளுநரையோ ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

பாட்டிலின் கொள்ளளவு இன்னொரு தலைவலி. வேளைக்கு 5 மில்லி, நாளுக்கு இரு வேளை என்றால் 30 மில்லி பாட்டில் மூன்றே நாளில் தீர்ந்துவிடும். ஐந்து நாளுக்கு எழுதியிருந்தால் மொத்தத் தேவை 50 மில்லி. ஒரு பாட்டிலோடு வீடு திரும்பியவர் மூன்றாம் நாள் இரவு, காய்ச்சலும் விட்டிருக்கும் நிலையில், இது போதும் என்று நிறுத்திவிட வாய்ப்பு அதிகம். நாள் கணக்கை மருத்துவர் குறைத்தால் குறைக்கலாம், பாட்டில் தீர்ந்துவிட்டது என்பதற்காகக் குறைக்க முடியாது. எனவே மொத்த மில்லியைக் கடையிலேயே பெருக்கிப் பார்த்துத் தேவையான பாட்டில்களை வாங்கிவிட்டு, இரண்டாவதை முதலாவது தீர்ந்தபின் மட்டுமே கலக்க வேண்டும். தூளாக இருக்கும்வரை பெட்டியில் அச்சிட்ட காலாவதித் தேதிதான் அதற்குக் கணக்கு.

பக்கவிளைவுகளில் அடிக்கடி காணப்படுவது இளகிய மலம். குழந்தைகளுக்கு அதனால் இடுப்புத்துணிப் பகுதியில் தோல் சிவப்பதும் உண்டு. இது தொல்லைதான், ஆபத்து என்று சொல்ல முடியாது. ஆனால் தண்ணீராகத் தொடர்ந்து போவது, ரத்தம் கலந்து போவது, கடும் வயிற்றுவலி ஆகியவை வேறு வகை. மருந்து முடிந்து சில வாரம் கழித்து வந்தாலும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். கண்ணோ தோலோ மஞ்சளாவதும் சிறுநீர் கறுப்பதும் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள். இவை வயதானவர்களிடம் கூடுதலாகக் காணப்படுவதோடு, மருந்தை நிறுத்திய பிறகும் தலைகாட்டக்கூடும். தடிப்பு, உதடு அல்லது நாக்கு வீக்கம், மூச்சுத்திணறல் என்று வந்தால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். பென்சிலின் வகை எதற்காவது முன்பு ஒவ்வாமை வந்திருந்தால் அதைச் சீட்டு எழுதும்போதே சொல்ல வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவை மாற்ற வேண்டியிருக்கும், ரத்தம் கட்டாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு ரத்தம் உறையும் தன்மையை அடிக்கடி சோதிக்க வேண்டியிருக்கும். சில தயாரிப்புகளில் இனிப்புக்காக அஸ்பார்டேம் சேர்க்கிறார்கள். ஃபீனைல்கீட்டோனூரியா என்னும் பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது ஆகாது. இவ்வளவும் பெட்டிக்குள் இருக்கும் தாளில் உண்டு. எறும்பு வரிசைபோன்ற அந்த எழுத்தை வீட்டு முதியவர் ஒருவர் படித்துவிட முடியும் என்று அச்சிட்டவர்கள் உண்மையிலேயே நம்பினார்களா என்றுதான் எனக்குப் புரியவில்லை.

தயாரிப்பாளர்கள் அளவு மூடியைக் கைவிட்டு, சிரிஞ்சும் அடாப்டரும் வைத்துக் கொடுத்தால் இதற்கு முழு மதிப்பெண்ணும் தரலாம். சிலர் ஏற்கெனவே அப்படித் தருகிறார்கள், தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் மருந்தாளுநரிடம் அதைக் கேட்டுப் பார்க்கலாம். சிரிஞ்சை ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் தண்டைத் தனியே உருவித் தண்ணீரில் கழுவி உலரவைத்தால், சிகிச்சை முடியும்வரை ஒன்றே போதும். சொன்ன நாட்கள் முடிந்தபின் பாட்டிலில் மிஞ்சுவதை, அடுத்த காய்ச்சலுக்கென்றோ வீட்டில் இன்னொருவருக்கென்றோ எடுத்து வைக்காமல், கழிவுநீர்த் தொட்டியிலும் கொட்டாமல், திரும்பப் பெற்றுக்கொள்ளும் மருந்துக்கடை இருந்தால் அங்கேயே கொடுத்துவிடலாம்.